சென்னை – சிங்கப்பூர் விமானப் பயணம்: தூரம், நேரம், வழி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல்முறை சிங்கப்பூர் போகிறவர்களும், அங்கே வேலை பார்த்துக்கொண்டு ஊரிலிருக்கும் அம்மா அப்பாவுக்கு டிக்கெட் போடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. டிக்கெட் விலை பற்றி இங்கே எதுவும் இல்லை. அது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் எவ்வளவு தூரம்?

மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வரை நேர்க்கோட்டில் சுமார் 2,920 கி.மீ. மைலில் சொன்னால் ஏறக்குறைய 1,815. விமானிகள் கணக்கிடும் கடல் மைலில் 1,580க்குக் கொஞ்சம் குறைவு.

நேர்க்கோடு என்றால் தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுக்கும் கோடு இல்லை. உருண்டையான பூமியின் மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய வளைவு. இந்த இரண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அந்த வளைவுக்கும் வரைபடக் கோட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஒவ்வொரு இணையதளமும் ஒவ்வொரு தூரம் சொல்கிறதே?

சில தளங்கள் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளக்கின்றன. சில தளங்கள் சென்னை நகரின் மையத்திலிருந்து சிங்கப்பூர் நகரின் மையத்துக்கு அளக்கின்றன. சாங்கி, சிங்கப்பூர்த் தீவின் கிழக்குக் கோடியில் இருப்பதால் அதிலேயே பத்து இருபது கி.மீ. மாறிவிடும். இது போக, விமானம் உண்மையில் பறக்கும் தூரம் எப்போதுமே நேர்க்கோட்டை விடக் கொஞ்சம் அதிகம். வகுத்து வைத்த வான்வழித் தடத்தில்தான் போக வேண்டும், இறங்கும்போது ஓடுபாதையின் திசைக்கு ஏற்றபடி சுற்றி வர வேண்டும். டிக்கெட் போடுகிறவருக்கு இந்த வித்தியாசத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

சரி, எவ்வளவு நேரம் ஆகும்?

நேரடி விமானம் என்றால் நான்கு மணி நேரமும் கொஞ்சமும். வானத்தில் இருப்பது ஏறக்குறைய மூன்றரை முதல் மூன்றே முக்கால் மணி நேரம். அட்டவணையில் போடுவது பெரும்பாலும் 4 மணி 10 நிமிடத்திலிருந்து 4 மணி 25 நிமிடம் வரை இருக்கும்.

அட்டவணை நேரம் என்பது சக்கரம் தரையை விட்டு எழும்புவதிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. சென்னையில் நிறுத்திய இடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கும் நிமிடம் முதல், சாங்கியில் வாசலில் போய் நிற்கும் நிமிடம் வரை. ஓடுபாதைக்குப் போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் ஊர்ந்து வருவது எல்லாம் அதற்குள் அடக்கம். அதோடு நிறுவனங்கள் தங்கள் கைக்காவலுக்குச் சில நிமிடங்கள் சேர்த்தே போடும். அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் பத்து நிமிடத் தாமதத்தில் போய்ச் சேர்வது இப்படித்தான். விமானி வழியில் வேகம் பிடித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

டிக்கெட்டில் இரவு 11 மணிக்குக் கிளம்பி காலை 5.45க்குச் சேரும் என்று இருக்கிறது. அப்படியானால் ஆறே முக்கால் மணி நேரமா?

இல்லை. டிக்கெட்டில் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆறே முக்காலில் இரண்டரையைக் கழித்தால் நாலேகால்.

திரும்பி வரும்போது இது தலைகீழ். சிங்கப்பூரில் இரவு 8 மணிக்கு ஏறினால் சென்னையில் 9.40க்கு இறங்கிவிடலாம் என்று டிக்கெட் சொல்லும். ஒரு மணி நாற்பது நிமிடத்தில் வந்துவிடலாமா என்று யாராவது கேட்டால் இரண்டரையைக் கூட்டிக் காட்டுங்கள்: 4 மணி 10 நிமிடம். போகும்போது கழி, வரும்போது கூட்டு. அவ்வளவுதான்.

ஒரு துணைச் செய்தி. பூமியில் சிங்கப்பூர் இருக்கும் இடத்துக்கு இந்த இடைவெளி ஒன்றரை மணி நேரம் இருந்தாலே போதும். 1981 முடியும் வரை இரண்டு மணி நேரமாக இருந்தது. 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதனால்தான் அங்கே வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணிவாக்கில்தான் உதிக்கிறது. காலை 5.45க்கு இறங்குகிறவருக்கு வெளியே நல்ல இருட்டாகவே இருக்கும்.

போகும்போதும் வரும்போதும் நேரம் வித்தியாசப்படுமா? கிழக்கே போனால் சீக்கிரம் என்கிறார்களே?

டெல்லியிலிருந்தோ துபாயிலிருந்தோ கிழக்கே பறப்பவர்களுக்கு அது பெரும்பாலும் சரி. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேலே மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வேகமான காற்றோட்டம் பின்னாலிருந்து தள்ளும். சென்னை – சிங்கப்பூர் வழி அந்தக் காற்றுக்கு வெகு தெற்கே இருக்கிறது. அதன் பலன் இங்கே எட்டுவதில்லை.

இங்கே கணக்கே வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவின் மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு காற்றோட்டம் ஓடும். தரையில் தென்மேற்கிலிருந்து காற்று வீச, பதினான்கு பதினைந்து கி.மீ. உயரத்தில் நேர் எதிர்த் திசை! 1950களில் இதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் கோடேஸ்வரம். பயணிகள் விமானம் பறப்பது பத்து முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் என்பதால் அந்தக் காற்றின் முழு வேகம் விமானத்தின் மேல் படாது. அதன் அடிப்பகுதியில் மாட்டும். ஆகவே ஆடி, ஆவணி மாதங்களில் சிங்கப்பூர் போகிற விமானம் எதிர்க்காற்றிலும், சென்னை திரும்புகிற விமானம் பின்காற்றிலும் பறக்கும்.

எவ்வளவு வித்தியாசம் வரும்? வழி முழுக்க சராசரியாக மணிக்கு 50 கி.மீ. எதிர்க்காற்று என்று வைத்துக்கொண்டால் 13 நிமிடம் கூடும். இதற்காகப் பயணத் தேதியை மாற்ற வேண்டியதில்லை.

பெரிய விமானத்தில் போனால் சீக்கிரம் போகலாமா?

கொஞ்சம். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் உயரத்தில் மணிக்கு 830 கி.மீ. அளவில் பறக்கும். ஏ350, 787 போன்றவை 900ஐத் தொடும். 2,920 கி.மீ.க்குக் கணக்குப் போட்டால் கால் மணி நேர மிச்சம். சாங்கியில் பெட்டி வரும் வரை நிற்கும்போது அந்தக் கால் மணி நேரம் கரைந்துவிடும். பெரிய விமானத்தைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் உண்டு: கால் நீட்ட இடம், சாப்பாடு, கொஞ்சம் குறைவான குலுக்கல்.

விமானம் எந்த வழியாகப் போகிறது? முழுக்கக் கடல்தானா?

முதல் இரண்டு மணி நேரம் முழுக்கக் கடல். சென்னையை விட்டதும் தென்கிழக்காகத் திரும்பி வங்கக் கடலைக் குறுக்காகக் கடக்கும். கீழே கப்பல் வெளிச்சம் தவிர எதுவும் இருக்காது. தரையிலிருக்கும் ரேடார் அந்த நடுக்கடல் வரை எட்டாது என்பதால், விமானம் தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லிக்கொண்டே போகும்.

கிளம்பி இரண்டு மணி நேரம் தாண்டியதும் பெரிய நிக்கோபார் தீவின் பக்கம் வருவீர்கள். நேர்க்கோட்டுப் பாதை அந்தத் தீவின் தென்முனையான இந்திரா முனையை ஒட்டி, அதற்குச் சற்றே தெற்கில் போகிறது. இந்திய மண்ணின் தென்கோடி கன்னியாகுமரி இல்லை, இதுதான். 2004 சுனாமியின்போது நிலம் நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் புகுந்தது.

அதன்பின் வலப்பக்கம் சுமத்ராவின் வடமுனை, இடப்பக்கம் தொலைவில் மலேசியக் கரை, நடுவே மலாக்கா நீரிணை. அப்படியே இறங்கிச் சிங்கப்பூர். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கப்பற்படை அனுப்பியதும் ஏறக்குறைய இந்தக் கடல்வழிதான். அவன் வென்ற இடங்களைக் கல்வெட்டில் பட்டியலிடும் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் நிக்கோபார், இலாமுரிதேசம் சுமத்ராவின் வடமுனை, கடாரம் மலேசியாவின் கெடா. சீட்டின் முன்னால் திரையில் ஓடும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே போனால் அந்தப் பட்டியலில் பாதி வரிசையாக வந்துவிடும்.

ஜன்னல் சீட்டு எந்தப் பக்கம் கேட்கலாம்?

ராத்திரி விமானம் என்றால் எந்தப் பக்கமும் ஒன்றுதான், தலை சாய்க்க வசதி என்பது தவிர. பகலில் போவதாக இருந்தால் சுமத்ராவின் மலைகளைப் பார்க்க வலப்பக்கம். திரும்பி வரும்போது அதே மலைகள் இடப்பக்கம் வரும். மாலையில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானத்தில் இடப்பக்கம் உட்கார்ந்தால் சூரிய அஸ்தமனம் வழக்கத்தை விட நெடுநேரம் நீளும். விமானம் சூரியனைத் துரத்திக்கொண்டு போகிறதே. இறக்கைக்கு மேலே உள்ள வரிசைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

திருச்சி, மதுரை, கோவையிலிருந்து தூரம் எவ்வளவு?

திருச்சியிலிருந்து சுமார் 2,980 கி.மீ., மதுரையிலிருந்து 3,010, கோவையிலிருந்து 3,160. திருச்சி தெற்கே இருப்பதால் சிங்கப்பூருக்குக் கிட்டே என்று பலர் நினைக்கிறார்கள். சென்னை கிழக்கே தள்ளி இருப்பதால் உண்மையில் சென்னைதான் 50, 60 கி.மீ. கிட்டே. ஆனால் வானத்தில் அது நாலைந்து நிமிடம். தஞ்சாவூர்க்காரர் அந்த நாலு நிமிடத்தை மிச்சப்படுத்தச் சென்னைக்கு ஆறு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டியதில்லை. டெல்டா மாவட்டங்கள், புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்குத் திருச்சிதான். சென்னை டிக்கெட் சில ஆயிரம் குறைவாக இருந்தாலும் போய்வரும் செலவையும் தூக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

கோலாலம்பூர் வழியாகவோ கொழும்பு வழியாகவோ மாறிப் போனால் சுற்றா?

கோலாலம்பூர் சுற்றே இல்லை. சென்னை – கோலாலம்பூர் 2,630 கி.மீ., கோலாலம்பூர் – சிங்கப்பூர் 300 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. கூட்டினால் நேரடித் தூரத்தை விட இரண்டு மூன்று கி.மீ. கூட அதிகமாகாது. அந்த அளவுக்குப் பாதையிலேயே இருக்கிறது அந்த ஊர். கொழும்பு வழி என்றால் 650ம் 2,750ம் சேர்ந்து 3,400 கி.மீ., அதாவது 470, 480 கி.மீ. கூடுதல்.

தூரம் கூடாவிட்டாலும் நேரம் கூடும். இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும், நடுவில் காத்திருக்க வேண்டும். ஏழு மணி நேரத்துக்குள் முடிந்தால் நல்ல அதிர்ஷ்டம். டிக்கெட் கணிசமாகக் குறைந்தால் இளவட்டங்கள் போகலாம். தனியாக வரும் வயதானவர்களுக்கு நேரடி விமானமே போடுங்கள். இரண்டு விமானங்களையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், முதலாவது தாமதமாகி இரண்டாவது தவறிப்போகும்போது யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி விமானமா, பகல் விமானமா?

ராத்திரி விமானத்தில் ஒரு நாள் லீவு மிச்சம் என்பார்கள். ஆனால் நாலு மணி நேரத்தில் தூக்கம் என்பது பெயருக்குத்தான். கிளம்பி முக்கால் மணி நேரம் கழித்து, நள்ளிரவில், சாப்பாட்டு வண்டி வரும். தட்டை எடுத்து விளக்கை அணைக்க இன்னும் ஒரு மணி நேரம். கொஞ்சம் கண்ணயரும்போது காது அடைக்கும், விமானம் இறங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உங்கள் உடம்புக்கு அப்போது ராத்திரி மூன்று மணி. நேராக ஆபீஸ் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். குழந்தையோடு போகிறவர்களுக்கும் பெற்றோருக்கும் பகல் விமானம்தான் என் ஓட்டு.

ராத்திரியேதான் என்றால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறி, சாப்பாடு வேண்டாம் என்று பணிப்பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிட்டுக் கண்ணை மூடுங்கள். இரண்டரை மணி நேரத் தூக்கமாவது கிடைக்கும்.

15ஆம் தேதி 00.30 மணி என்று போட்டிருந்தால் எந்த நாள் ராத்திரி?

14ஆம் தேதி ராத்திரி. சாப்பிட்டுவிட்டு ஒன்பது, ஒன்பதரைக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி சாவகாசமாகப் பெட்டியோடு வந்து நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்கள் விமானம் அதற்குள் ஒருமுறை போய்த் திரும்பியும் வந்திருக்கும். டிக்கெட்டை அனுப்பும்போது "14 ராத்திரி கிளம்பணும்" என்று தமிழில் ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.

எந்த மாதங்களில் தாமதம் அதிகம்?

சென்னைப் பக்கம் நவம்பர், டிசம்பர். வடகிழக்குப் பருவமழையும் புயலும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது. இரண்டாவது ஓடுபாதையே அடையாற்றின் மேல் பாலம் போட்டுத்தான் போகிறது, ஆறு பொங்கினால் கேட்கவே வேண்டாம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலிலும் மூடினார்கள். புயல் அறிவிப்பு இருந்தால் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன் விமானத்தின் நிலையைப் பார்த்துவிடுங்கள்.

சிங்கப்பூர்ப் பக்கம் வேறு ஒன்று. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, ராத்திரியில் சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் திரளும் மேகம், விடியலுக்கு முன் வரிசை கட்டி வந்து சிங்கப்பூர் மேல் கொட்டிவிட்டுப் போகும். ஊர்ப் பெயரையே வைத்து அதை 'சுமத்ராஸ்' என்கிறார்கள். காற்றும் இடியுமாக ஒன்றிரண்டு மணி நேரம். சென்னை ராத்திரி விமானங்கள் போய் இறங்கும் நேரமும் அதேதான். அப்போது விமானம் வானத்திலேயே இருபது நிமிடம் வட்டமடித்தால் பயப்பட ஒன்றுமில்லை, மழை விலகக் காத்திருக்கிறார்கள்.

இந்த வழியில் குலுக்கல் அதிகமா?

வங்கக் கடலிலும் நீரிணையிலும் உயர்ந்த மழைமேகங்கள் சகஜம், அதனால் கொஞ்சம் குலுங்கும். பெரும்பாலும் சில நிமிடத்தில் சரியாகிவிடும். உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க பெல்ட்டைப் போட்டே இருங்கள். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானம் மியான்மரின் ஐராவதி வடிநிலத்தின் மேல் திடீரெனக் குலுங்கி, பலர் காயமடைந்தனர், ஒரு பயணி உயிரிழந்தார். பெல்ட் போடாதவர்கள் கூரையில் போய் மோதினார்கள்.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு மொத்தம் எவ்வளவு நேரம்?

எட்டரை முதல் பத்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் மூன்று மணி நேரம் முன்னால் போவது நல்லது. ராத்திரி பத்து மணிக்கு மேல் பல வெளிநாட்டு விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்புவதால் குடியேற்றச் சோதனை வரிசை நீளும். பன்னாட்டு விமானங்களுக்கு 2023 ஏப்ரலில் திறந்த புதிய கட்டடம். மெட்ரோ விமான நிலையம் வரை வருகிறது, ஆனால் நள்ளிரவில் திரும்பி வந்து இறங்குகிறவர்களுக்கு அது கிடைக்காது.

சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தனியாக வேண்டும்.

கப்பலில் போக முடியுமா?

இப்போது வழக்கமான பயணிகள் கப்பல் கிடையாது. முன்பு இருந்தது. 'ரஜூலா'வும் அதற்குப் பின் 'எம்.வி. சிதம்பர'மும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய் வந்தன. ஒரு வாரப் பயணம். 1985 பிப்ரவரியில் 'சிதம்பரம்' தீப்பிடித்துப் பலர் உயிரிழந்ததோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் நின்றது.

வேறு ஊர்களுக்கு நானே நேரம் கணக்கிட ஏதாவது வழி உண்டா?

உண்டு. கி.மீ. தூரத்தை 830ஆல் வகுத்து, நாற்பது நிமிடம் கூட்டுங்கள். நாற்பது நிமிடம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தரையில் ஊர்வதற்கும். சென்னை – சிங்கப்பூர் 4 மணி 11 நிமிடம் வரும். சென்னை – கோலாலம்பூர் 3 மணி 50. சென்னை – கொழும்பு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

காற்று பலமாக உள்ள வழிகளில் மட்டும் இது தவறும். சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,930 கி.மீ., அதாவது சிங்கப்பூர் இருக்கும் அதே தூரம், எதிர்த் திசையில். கணக்குப்படி அதுவும் 4 மணி 12 நிமிடம்தான். ஆனால் குளிர்காலத்தில் துபாய் போகும்போது காற்று எதிரே நிற்கும், வரும்போது தள்ளிவிடும். போக ஆகும் நேரத்துக்கும் வர ஆகும் நேரத்துக்கும் இருபது முப்பது நிமிடம் வித்தியாசம் வரும். அந்த வழிக்கு டிக்கெட்டில் போட்டிருப்பதையே நம்புங்கள், நேர வித்தியாசம் ஒன்றரை மணி நேரம் என்பதை மட்டும் மறக்காமல்.